நரம்புச் செல் பிரிவதில்லை

ஜூன் 3, திங்கள்

எதிர்வீட்டு ரூபவதி தெருவில் சொல்லிக்கொண்டிருப்பது தவறு. என் தங்கை செலினை நான் இரக்கப்பட்டுக் கூட்டி வரவில்லை. அவளுக்கு நிணநீர் முடிச்சுகளில் புற்றுநோய், கழுத்தில் கட்டி. மருத்துவமனை பாளையங்கோட்டையில் இருக்கிறது, என் வீடும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை உவரியிலிருந்து பேருந்தில் வந்து போக அவள் உடம்பு தாங்காது. இதில் இரக்கம் எங்கே வந்தது?

நாங்கள் பல வருடம் பேசாமல் இருந்தோம் என்பதும் தவறு. கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டோம். அவள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, என் பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். செலின் கான்வென்டுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு அம்மாவுக்குத் துணையாக வீட்டில் நின்று தையல் பழகினாள். என் திருத்தத்துக்குப் பலன் இருந்தது. சில வருடங்களாக அவள் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. நான்கு வரிதான் எழுதுகிறாள்.

இன்று முதல் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் பர்வீன் வயதில் சிறியவர், ஆனால் பேச்சு தெளிவு. மருந்துகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவற்றில் ஒன்று நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. முப்பத்து நான்கு வருடம் தாவரவியல் நடத்தியவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். சிரித்தார்.

ஜூன் 5, புதன்

கேஸ் வந்தது. குடிநீர் வரவில்லை. செலினுக்கு வாந்தி. கருவாடு கேட்கிறாள். இல்லை என்றேன்.

ஜூன் 12, புதன்

வெள்ளணுக்கள் குறையும் நாட்கள் இவை, தொற்று எளிதில் பிடிக்கும். ரூபவதி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் யாரையும் விடக்கூடாது என்பது அவளுக்குப் புரியாது.

செலினுக்குப் புரிய வைத்தேன். இந்த மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று தெரியாது. பிரிகிற செல்லைப் பிடிக்கும், அவ்வளவுதான். புற்று வேகமாகப் பிரிகிறது, ஆகவே அதிகம் சாகும். எலும்பு மஜ்ஜையும் வாயின் உள்தோலும் மயிர்க்காலும் வேகமாகப் பிரிகின்றன, ஆகவே அவையும் அடிபடும். மஜ்ஜை தேறி எழுவதற்குத்தான் மூன்று வார இடைவெளி.

"அப்போ முடி போயிருமா?"

"போகும். திரும்ப வரும்."

"வரட்டும், வரட்டும். அதுவரைக்கும் சீப்புக்கு லீவு" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

திருப்பலிக்கு அவளை அழைத்துப் போகவில்லை, கூட்டம். ஈடுகட்ட ஒரு வேலை செய்தேன். ஜன்னலில் தண்ணீர் பாட்டில் வாயில் ஒரு வெங்காயத்தை உட்கார வைத்து வேர்விட வைத்திருந்தேன். காலைப் பொழுதில் வேர் நுனியை வெட்டினால் செல் பகுப்பு நிறையத் தெரியும். நேற்றுக் காலையே வெட்டிப் பதப்படுத்தி வைத்துவிட்டேன். சாயம் பழைய கல்லூரி லேபில் கேட்டு வாங்கியது. நுண்ணோக்கி என்னுடையது, நான் ஓய்வு பெற்றபோது என் கணவர் வாங்கித் தந்தது. அவர் இறந்த பிறகு இன்றுதான் உறையை எடுத்தேன்.

வேர் நுனி வைத்த கண்ணாடித் துண்டைச் சுடரில் காட்டி, புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும். பிறகு மைஒற்றுத் தாளால் மூடி, கட்டை விரலால் ஒரே அழுத்து. விரல் நகர்ந்தால் எல்லாம் பாழ். என் விரல் நகரவில்லை.

செலின் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"செவப்பு நூல் சிக்குப் பிடிச்ச மாதிரி கெடக்கு."

"அது தொடக்கம். குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கின்றன. கொஞ்சம் நகர்த்து. நடுவில் வரிசையாக நிற்பது தெரிகிறதா?"

"தெரியுது. இந்தா, இன்னொண்ணு. ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கமாப் போகுதுவ. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. நம்மள மாதிரி."

"நாம் அப்படி இல்லை" என்றேன்.

"சும்மா சொன்னேன்க்கா. யாரு இழுக்கா அதுகள?"

"கதிர் இழைகள். செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் வருகிற இழைகள். உன் நித்தியகல்யாணி மருந்து அவற்றை உருவாக விடாது. குரோமோசோம்கள் நடுவில் வந்து நிற்கும், இழுக்க ஆள் இருக்காது. அப்படியே நின்று செல் செத்துப்போகும்."

"எங்க? இழை ஒண்ணும் காணலியே."

"இந்தச் சாயத்தில் அவை தெரியாது."

செலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியாதது இருக்குன்னு நீயும் நம்புத, பாத்தியா. நாங்க சொன்னா மட்டும் மூடநம்பிக்கைம்ப."

பதில் இருந்தது. அவளுக்கு வாய்ப்புண் இருந்தது, அதிகம் பேச வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

இரண்டாவது மருந்து. முடி முழுவதும் போய்விட்டது. "இந்த மொசைக் தரை மாதிரி இருக்கு என் தல. பாத்து, வழுக்கி விழுந்துராத" என்று நர்ஸிடம் சொல்கிறாள். வார்டு முழுக்கச் சிரித்தது. அவளுக்கு எங்கே போனாலும் ஆள் சேர்ந்துவிடுகிறது.

ஜூலை 4, வியாழன்

கழுத்துக் கட்டி கையில் அகப்படவில்லை. நானே தடவிப் பார்த்தேன். மருந்து வேலை செய்கிறது.

என் வெள்ளை ரவிக்கையின் பித்தான் துளைகளுக்குச் செலின் காஜா எடுக்கிறாள். கையால் எடுக்கிற காஜாவில் அவளை மிஞ்ச உவரியில் ஆள் இல்லை என்பார்கள். நானும் மறுக்கவில்லை. மூக்குக் கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்த்தவள், இன்று கண்ணாடி போட்டுக்கொண்டும் மூன்று முறை ஊசியைக் கீழே விட்டாள்.

"அக்கா, வெரல் நுனி மரமரங்குது. ஊசி கையில இருக்கா இல்லியான்னே தெரிய மாட்டேங்கு."

நான் விளக்கினேன். செல்லின் வாழ்க்கை ஒரு சுழற்சி. வளர்தல், குரோமோசோம்களை இரட்டித்தல், மறுபடி வளர்தல், பிறகு பகுப்பு. நரம்புச் செல் அந்தச் சுழற்சியிலிருந்தே வெளியேறிவிட்டது. பிறப்பதற்கு முன்பே பிரிவதை நிறுத்திவிட்டது. பிரியாத செல்லில் கதிர் இழை இல்லை. கதிர் இழை இல்லாத இடத்தில் இந்த மருந்துக்கு வேலை இல்லை. ஆகவே மருந்தால் விரல் மரத்துப்போக வழியே கிடையாது. நாள் முழுக்க ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் காரணம்.

"சரிக்கா" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

காஜாக்கள் ஒன்றோடொன்று ஒக்கவில்லை. ஒன்று பெரியது, ஒன்று கோணல். பிரித்துத் தைக்கச் சொன்னேன். பிரித்தாள், மறுபடி எடுத்தாள்.

ஜூலை 15, திங்கள்

மூன்றாவது மருந்து. டாக்டர் பர்வீன் செலினைப் பார்த்து, "கை, கால் மரத்துப்போகுதா அம்மா? பட்டன் போட, செருப்பு மாட்டக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். தைக்கிறவள், ஒரே இடத்தில் உட்காருவதால் கொஞ்சம் பிடிப்பு, மற்றபடி ஒன்றுமில்லை என்றேன்.

செலின் என்னைப் பார்த்தாள்.

ஆட்டோவில் வரும்போது மழை தூறியது. முருங்கைக்காய் வாங்கினேன்.

ஜூலை 27, சனி

செலினின் இடது கால் செருப்பு கூடத்தில் கிடக்கிறது, அவள் பின்கட்டில் நிற்கிறாள். செருப்பு கழன்றதே தெரியாதாம். கவனமில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா இதையே சொல்வாள், எதையாவது தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று.

மத்தியானம், ஏதோ பேச்சில், "எனக்கும் ஒன்கூட வரணும்னு இருந்துச்சு" என்றாள்.

"எங்கே?"

"கான்வென்டுக்கு. ஒன் பெட்டிய நாந்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வருவேன். நெனவிருக்கா?"

நினைவில்லை. பெட்டி நினைவிருக்கிறது. பச்சைத் தகரப் பெட்டி.

ஆகஸ்ட் 5, திங்கள்

நான்காவது மருந்து. டாக்டர் பர்வீன் விடுப்பு. வேறொருவர் பார்த்து, ரத்த அளவு சரி என்று கையெழுத்துப் போட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் கஞ்சி காய்ச்சி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அடுப்பு மேடையில் வைத்தேன். ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் பால்காரனிடம் போனேன். திரும்பி வந்தபோது செலின் நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் இருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர் நீளமாக வளர்ந்து பாட்டிலின் அடியைத் தொட்டுவிட்டது. அதைப் பற்றி ஏதோ சொன்னாள்.

குடித்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே டம்ளரை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் விட்டுவிட்டேன். தரையெல்லாம் கஞ்சி. என் விரல் மூன்றும் சிவந்துவிட்டன.

"என்னாச்சுக்கா? சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

டாக்டர் பர்வீன் செலினைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல் நுனிகளைத் தொட்டார். தொடும்போது சொல்லச் சொன்னார். செலின் கண்ணை மூடிக்கொண்டு, "தொடுங்கம்மா, ரெடியாத்தான் இருக்கேன்" என்றாள். அதற்குள் பத்து விரலையும் தொட்டு முடித்திருந்தார்.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். ஜூலை முதல் வாரத்திலிருந்து என்றாள் செலின்.

"போன மாசமே நான் கேட்டேனே?"

"கேட்டீர்கள்" என்றேன். "நரம்புச் செல் பிரிவதில்லை, ஆகவே இந்த மருந்து..."

"நரம்புச் செல் பிரியாது மேடம், அது சரிதான். ஆனா கதிர் இழை எதால ஆகியிருக்கோ, அதே நுண்குழல்தான் நரம்புக்குள்ளேயும் நீளமா ஓடுது. தண்டுவடத்துப் பக்கத்துலேர்ந்து விரல் நுனி வரைக்கும் சத்தைக் கொண்டு போற பாதையே அதுதான். மருந்துக்கு அது பிரியுற செல்லா, சும்மா இருக்குற செல்லான்னு தெரியாது. குழலைப் பார்த்தா கை வைக்கும். நீளமான நரம்புதான் முதல்ல அடிபடும். அதனாலதான் விரல், பாதம். அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஒரு மருந்தை மட்டும் குறைச்சிருப்பேன், இல்லேன்னா நிறுத்தியிருப்பேன்."

உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். மெதுவாகத் திரும்பலாம், மாதக்கணக்காகும், முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மீதி இரண்டு தவணையிலும் அந்த மருந்து இருக்காது. மற்றவை கட்டாயம் வேண்டும். பாதியில் விட்டால் கட்டி திரும்பும்.

ஆகஸ்ட் 14, புதன்

என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கதிர் இழைகளைப் பற்றி இரண்டு பக்கம். இழைகள் எதனால் ஆனவை என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பொருள் வேறெங்கே இருக்கிறது என்று இல்லை. முப்பத்து நான்கு வருடம் அந்த வரியைக் கடந்து போயிருக்கிறேன். வேறெங்கே என்று நான் கேட்கவில்லை. மாணவிகள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாடத்துக்கு வெளியே போகாதே என்றிருப்பேன்.

புத்தகத்தில் இல்லை என்பது சமாதானமாகாது. விரல் மரத்துவிட்டது என்று என்னிடம் சொன்னது புத்தகம் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை கண்டேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். செலின் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, புளி போதாது என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

செலின் உவரிக்குப் போய்விட்டாள். நான் அனுப்பவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

அவள் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது கதவோரம் நின்றேன். ரவிக்கை ஊக்கு இரண்டு மாட்டாமல் திறந்திருந்தது. மாட்டிவிட்டேன். கழுத்தை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமில்லக்கா. டாக்டரம்மா என்னயத்தான் கேட்டாவ. பதிலு ஒன் வாயிலேர்ந்து வந்துச்சு. நானும் சும்மா இருந்தேன். நாந்தான சொல்லியிருக்கணும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒரு பழக்கம்."

"இருபத்தாறாம் தேதி மருந்து இருக்கிறது."

"பாப்போம்."

"பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்?"

"பாப்போம்னா பாப்போம்னுதான்." பையின் ஜிப்பை இழுக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். "ஊசி பிடிக்க முடியாத கைய மடியில வச்சிக்கிட்டு நெறைய வருசம் இருந்து என்னக்கா செய்ய? உசுரு முக்கியம்தான். தெரியாம இல்ல. ஆனா காலைல எந்திரிச்சு என்ன செய்வேன்னு நெனச்சா ஒண்ணும் ஓட மாட்டேங்கு."

பையை நான்தான் பேருந்து நிலையம் வரை எடுத்துப் போனேன். கனமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவர் உயிரோடு இருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொன்னார்: "ஆக்னஸ், உன் தங்கையின் கடிதத்தை முதலில் படி. பிறகு திருத்து." நான் இரண்டையும் சேர்த்தே செய்வதாகச் சொன்னேன். நேரம் மிச்சம் என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை பத்து மணி வரை மருத்துவமனை வாசலில் நின்றேன். செலின் வரவில்லை.

டாக்டர் பர்வீனிடம் சொன்னேன். ஓரிரு வாரம் தள்ளிப்போனால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது என்றார். செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார். "நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், இது நான் செய்ய வேண்டியது என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

போன் செய்தேன். மருந்தை விடக்கூடாது என்றேன். "சரிக்கா." ஒன்பதாம் தேதி என்றேன். "சரிக்கா." வருவாயா என்றேன். "சரிக்கா, வெளிய யாரோ கூப்பிடுதாவ" என்று வைத்துவிட்டாள்.

ஒரு வாரமாக நான் தண்ணீர் மாற்றாததால் வெங்காயம் அழுகிவிட்டது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ரூபவதி வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். திகைத்துப்போய் வந்து உட்கார்ந்தாள். தங்கச்சி எங்கே என்றாள். உவரியில் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், நான் டாக்டரிடம் சொன்ன பதில் உட்பட. தெருவில் சொல்வதானால் இதைச் சரியாகச் சொல்லட்டும். அவள் காப்பியைக் குடித்துவிட்டு, "மிஸ், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். இல்லை, நான் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்றேன். அவளுக்கு வித்தியாசம் விளங்கவில்லை. எனக்கும் இப்போதுதான் விளங்குகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

நான்கு தாள் கிழித்தேன். எல்லாம் பாடக் குறிப்பு மாதிரி வந்தது. ஐந்தாவதைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதன் நகல்:

அன்புள்ள செலின்,

நீ விரல் மரத்துப்போகிறது என்று சொன்னாய். நான் இல்லை என்றேன். உன் விரலைப் பற்றி உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தேன். டாக்டர் உன்னைக் கேட்டபோது உன் பதிலையும் நானே சொன்னேன். அதன் பிறகு இரண்டு முறை உன் உடம்பில் அந்த மருந்து ஏறியது. அதற்கு நான் காரணம். பழக்கம் என்று நீ உன் மேல் போட்டுக்கொள்ளாதே. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவளும் நான்தான்.

நித்தியகல்யாணி மருந்து இனி கிடையாது. மற்றவை உன் கையை இப்படிச் செய்யாது என்று டாக்டர் சொல்கிறார். இதை நான் சொன்னால் நீ நம்ப வேண்டியதில்லை. அவர் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நீயே கேள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

காலையில் எழுந்து என்ன செய்வது என்று கேட்டாய். அன்று என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. நானும் அவர் போன பிறகு அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். நீ இருந்த இரண்டரை மாதம் மட்டும் கேட்கவில்லை.

உன் கடைசிக் காஜாவை நான் பிரிக்கவில்லை. அந்த ரவிக்கையை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போனேன். பித்தான் நுழைவதற்குக் கொஞ்சம் சிரமப்படுகிறது. நுழைந்த பிறகு விலகுவதில்லை.

ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை. முந்தின நாள் மாதா பிறந்த நாள். அன்றே வந்துவிட்டால் சேர்ந்து சாப்பிடலாம். புளி நீ கரை.

போன் வேண்டாம். போனில் நீ "சரிக்கா" என்பாய், அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் பழகவில்லை. பேனா பிடிக்க வராவிட்டால் பென்சிலை எடு. எழுத்துக் கோணினால் கோணட்டும். கடிதம் என்னிடமே இருக்கும், திருப்பி அனுப்பமாட்டேன்.

வருகிறாயா, இல்லையா? உன் கையால் எழுதி அனுப்பு.

ஆக்னஸ்